கோழிக்கறி, பால், நம் குடல்: மருந்துக்கு அடங்காத பாக்டீரியா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் சமைப்பவர்கள், கறிக்கோழியும் கறவை மாடும் வளர்ப்பவர்கள் ஆகிய இரு தரப்பினரும் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். பண்ணைக்காரருக்கான பதிலை வீட்டில் சமைப்பவரும், சமையலறைக்கான பதிலைப் பண்ணைக்காரரும் படித்தால் நல்லது. இரண்டு பக்கத்திலும் உலவுவது ஒரே பாக்டீரியாதான்.

ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்றால் நம் உடம்புக்கு மருந்து பழகிப்போவதா?

இல்லை. மருந்துக்கு அடங்காமல் போவது பாக்டீரியா. மாத்திரையே சாப்பிடாத ஒரு குழந்தைக்கும் அப்படிப்பட்ட பாக்டீரியா தொற்றலாம். தொற்றினால் முதல்முறை கொடுக்கும் மருந்தே வேலை செய்யாது. "நான் ஆன்டிபயாடிக் எடுத்ததே இல்லை, எனக்கு எப்படி வந்தது?" என்று நோயாளிகள் கேட்பதற்கு இதுதான் விடை.

கோழிக்குப் போட்ட மருந்துக்கும் எனக்கு வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் என்ன சம்பந்தம்?

சிறுநீர்த் தொற்றுக்கு மிகப் பெரும்பாலான நேரங்களில் காரணம் இ.கோலை என்ற பாக்டீரியா. அது வெளியிலிருந்து நேராகச் சிறுநீர்ப் பைக்குப் போவதில்லை. நம் சொந்தக் குடலில் இருந்துதான் போகிறது. ஆகவே குடலில் எந்த வகை இ.கோலை குடியிருக்கிறது என்பது முக்கியம். கோழி, மாடு, பன்றி, மனிதர் எல்லோருடைய குடலிலும் இ.கோலை உண்டு. கறி வெட்டும்போது கோழியின் குடலில் இருப்பது தோலிலும் கறியிலும் படுகிறது. கறியிலிருந்து கத்தி, பலகை, கை, பச்சை வெங்காயம் வழியாக வாய்க்குப் போகிறது. போன அன்று ஒன்றும் நடக்காது. வயிற்றுப்போக்குகூட வராது. மாதக்கணக்கில் குடலில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, என்றோ ஒரு நாள் சிறுநீர்த் தொற்றாகவோ, அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்தத் தொற்றாகவோ வெளிப்படலாம். இந்த இடைவெளி காரணமாகத்தான் எந்தச் சாப்பாட்டிலிருந்து வந்தது என்று யாராலும் கைகாட்ட முடிவதில்லை.

பண்ணையில் வேலை செய்பவர்களுக்குக் கறி சாப்பிட வேண்டிய அவசியம்கூட இல்லை. 1976-ல் ஸ்டூவர்ட் லெவியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் ஒரு பண்ணையில் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தீவனம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் கோழிகளின் குடல் பாக்டீரியா ஏறக்குறைய முழுவதும் அந்த மருந்துக்கு அடங்காததாகிவிட்டது. ஐந்தாறு மாதத்துக்குள் பண்ணையில் வசித்தவர்களிடம் வாராவாரம் எடுத்த மல மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், 80 சதவீதத்துக்கும் மேலான பாக்டீரியா எதிர்ப்புடையவையாக இருந்தன. அக்கம்பக்கத்தாரிடம் இது 6.8 சதவீதம்தான். அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்த விஷயம் இது.

அந்த எதிர்ப்பு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு எப்படித் தாவுகிறது?

பாக்டீரியாவுக்குள் முதன்மை மரபணுத் தொகுதி ஒன்று உண்டு. அதற்கு வெளியே பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையங்களும் இருக்கும். இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டி நிற்கும்போது ஒன்று தன் பிளாஸ்மிட்டை நகலெடுத்து மற்றதற்குக் கொடுத்துவிடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கோழியின் இ.கோலை நம் குடலுக்கு வந்து இரண்டே நாளில் செத்துப்போனாலும், அதற்குள் தன் பிளாஸ்மிட்டை அங்கிருக்கும் கிளெப்சியெல்லா என்ற வேறு இன பாக்டீரியாவிடம் கொடுத்துவிட்டால் போதும்.

இதில் பண்ணைக்காரர்கள் பலர் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே பிளாஸ்மிட்டில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாக இருப்பது சகஜம். டெட்ராசைக்ளினை மட்டும் கொடுத்தாலும் அந்த முழு வரிசையும் பிழைத்துப் பெருகும். "நான் கொடுத்தது பழைய, சாதாரண மருந்துதானே" என்ற சமாதானம் இதனால்தான் செல்லாது. தீவனத்தில் அளவுக்கு மீறிச் சேர்க்கும் தாமிரம், துத்தநாகம்கூட இதே வேலையைச் செய்யும்.

கோலிஸ்டின் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று 1970-களில் மருத்துவர்கள் ஓரங்கட்டிய பழைய மருந்து கோலிஸ்டின். மனிதருக்கு வேண்டாம் என்று விட்டதால் கால்நடைத் தீவனத்துக்குப் போனது. பிறகு நிலைமை தலைகீழானது. கடும் தொற்றுகளுக்குக் கொடுக்கும் கார்பபெனம் மருந்துகளையே உடைக்கும் என்.டி.எம்-1 என்ற நொதி பரவியது. 2010-ல் லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழில் வெளியான ஆய்வில், அந்த நொதி கொண்ட பாக்டீரியா சென்னையில் 44 மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் பிரிட்டனில் 37 மாதிரிகளிலும் காட்டப்பட்டது. கார்பபெனமும் கைவிட்ட நோயாளிக்கு மருத்துவர் எடுத்த கடைசி ஆயுதங்களில் ஒன்று, கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்த அதே கோலிஸ்டின்.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைப் பற்றி எழுதினார்கள். கோலிஸ்டினுக்கான எதிர்ப்பு அதுவரை பாக்டீரியாவின் முதன்மை மரபணுத் தொகுதியில் நேரும் மாற்றமாக மட்டுமே அறியப்பட்டிருந்தது. இது பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணம் செய்வது. அவர்கள் பார்த்த இ.கோலையில் எம்.சி.ஆர்-1 இருந்தது கால்நடைகளில் 804-ல் 166, பச்சை இறைச்சியில் 523-ல் 78, மருத்துவமனை நோயாளிகளில் 1,322-ல் 16. விலங்கில் அதிகம், இறைச்சியில் அதற்கடுத்து, மனிதரில் கொஞ்சம் என்ற இந்தப் படிக்கட்டு, எந்தத் திசையில் பயணம் நடந்தது என்பதற்கான வலுவான தடயம்.

இந்தியாவில் 2019 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகம் உணவுக்காக வளர்க்கும் விலங்குகள், கோழி, மீன் மற்றும் இறால் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை ஆகிய எல்லாவற்றிலும் கோலிஸ்டினைத் தடை செய்தது. தயாரிப்பும் விற்பனையும் விநியோகமும் சேர்த்தே தடை. பழைய சரக்கு யாராவது கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். லேபிளில் "கோலிஸ்டின் சல்பேட்" அல்லது "பாலிமிக்சின் ஈ" என்று இருந்தால் இரண்டும் ஒன்றே.

கறியில் மருந்து எச்சம் இல்லை என்று லேப் ரிப்போர்ட் இருக்கிறது. அப்படியானால் கவலையில்லைதானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

எச்சம் என்பது விலங்கின் உடலில் மிஞ்சிய மருந்து. எதிர்ப்பு என்பது அந்த மருந்தைப் பார்த்துத் தப்பிப் பெருகிய பாக்டீரியா. லேப் எடுத்த அளவீடு முதலாவதை மட்டும் சொல்கிறது. 20-ம் நாள் மருந்து கொடுத்து, உரிய நாள்கள் காத்திருந்து விற்ற கோழியில் மருந்து சுத்தமாக இறங்கியிருக்கும், ரிப்போர்ட் தேறும். ஆனால் மருந்து வெளியேறியதும் தப்பிப் பிழைத்த பாக்டீரியாவும் கூடவே வெளியேறிவிடாது. அது குடலில், ஷெட் தரையில் பரப்பிய கூளத்தில், கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாயின் உள்சுவரில் இருக்கும். அடுத்த பேட்ச் குஞ்சுகளுக்கும் போகும்.

எச்சப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவரவில்லை. ஒவ்வாமைக்கும் வேறு நச்சுகளுக்கும் அது அவசியம். தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக்குகளின் பட்டியலை உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் நீட்டி, 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது வரவேற்க வேண்டிய வேலை. ஆனால் எச்ச அளவை மட்டும் பிடித்துக்கொண்டு எதிர்ப்பு தீர்ந்துவிடும் என்று நம்பினால் ஏமாந்துபோவோம். எதிர்ப்பைக் குறைக்க மருந்து கொடுக்கும் தடவைகளே குறைய வேண்டும்.

நன்றாக வேகவைத்தால் எதிர்ப்புடைய பாக்டீரியா சாகுமா?

சாகும். மருந்துக்கு அடங்காதது வெப்பத்துக்கும் அடங்காது என்பது தவறான பயம். கறியின் நடுப்பகுதி 70 டிகிரியில் 2 நிமிடம் இருந்தால், அல்லது 74 டிகிரியைத் தொட்டால் இ.கோலை, சால்மோனெல்லா, காம்பைலோபாக்டர் எதுவும் மிஞ்சாது. கொதிக்கும் குழம்பில் இது தானாக நடந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியவை தந்தூரி, கிரில், ஷவர்மா, பெரிய துண்டாகப் பொரித்த தொடைக்கறி போன்றவை: வெளியே கருகி, எலும்போரம் இளஞ்சிவப்பாக நின்றால் வேகாமல் இருக்க வாய்ப்புண்டு. ஃபிரீசரிலிருந்து எடுத்த கறியை உறைபனி விடாமலேயே எண்ணெயில் போடுவதுதான் இதற்கு வழக்கமான காரணம். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், சாறு வழியாத பாத்திரத்தில் வைத்து இளகவிடுங்கள்.

மருந்து எச்சம் வேறு கதை. பல ஆன்டிபயாடிக்குகள் சமையல் சூட்டில் முழுவதும் சிதையாது. அதைப் பண்ணையில்தான் தடுக்க முடியும்.

வாங்கிவந்த கோழியை மஞ்சள் போட்டு மூன்று தண்ணீர் கழுவுகிறோம். அது போதாதா?

பாக்டீரியாவைப் பொறுத்தவரை கழுவுவதால் நன்மையைவிடத் தீமை அதிகம். குழாய்த் தண்ணீர் கறியில் விழுந்து தெறிக்கும்போது சிங்க், பக்கத்தில் கவிழ்த்த தட்டு, உங்கள் புடவை எல்லாவற்றிலும் சிறு துளிகள் படும். அவை எதுவும் வேகப்போவதில்லை. மஞ்சள்தூள் தடவி ஐந்து நிமிடம் வைப்பதால் இவை சாவதில்லை.

கழுவாமல் மனசு ஒப்பாது என்பது புரிகிறது. அப்படியானால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாதீர்கள். ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, கறியை அதில் மெதுவாக அமிழ்த்தி அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றுங்கள். பிறகு சிங்கைச் சோப்பால் தேய்த்துக் கழுவி, கையை 20 விநாடி சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

உண்மையில் வீட்டில் அதிகம் தவறு நடக்கும் இடம் வேறு. சிக்கன் 65-க்குத் துண்டு போட்ட அதே பலகையில், அதே கத்தியால், மேலே தூவும் வெங்காயத்தையும் எலுமிச்சையையும் அரிவது. கறி எண்ணெயில் வெந்து சுத்தமாகிவிடும். வெங்காயம் பச்சையாகவே வாய்க்குப் போகும். பச்சையாகச் சாப்பிடுவதை முதலில் அரிந்து மூடி வைத்துவிட்டு, கறியைக் கடைசியில் எடுங்கள். தனிப் பலகை வாங்காமலே தீரும் பிரச்சினை இது.

கடையிலும் ஒரு பார்வை வேண்டும். எல்லாக் கோழியையும் ஒரே வெந்நீர்த் தொட்டியில் முக்கி, ஒரே இறகு நீக்கும் இயந்திரத்தில் போட்டு, ஒரே வாளித் தண்ணீரில் அலசினால், காலையில் வந்த ஒரு கோழியின் பாக்டீரியா மாலைவரை எல்லோர் வீட்டுக்கும் போகும். ஓடும் தண்ணீரில் அலசும் கடையையும், குடலை எடுத்த கையோடு கறியைத் தொடாத கடைக்காரரையும் தேடிப் போங்கள்.

நாட்டுக்கோழி என்றால் பயமில்லையா?

மருந்து குறைவாகக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கொட்டகையில் அடைத்து ஆயிரக்கணக்கில் வளர்க்கும் நாட்டுக்கோழிக்கும் மருந்து கொடுக்கிறார்கள்; திறந்த வெளியில் மேயும் கோழி சாக்கடைத் தண்ணீரிலிருந்தும் எதிர்ப்புடைய பாக்டீரியாவைப் பெறும். சமையலறையில் இரண்டையும் ஒரே மாதிரி கையாளுங்கள்.

பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே?

இல்லை. ஆறு வாரத்துக்குள் 2 கிலோவைத் தாண்டுவது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஆயிரக்கணக்கான கோழிக்கு ஊசி போட ஆளும் நேரமும் எந்தப் பண்ணையிலும் இல்லை. இந்த வதந்தி உண்மையான பிரச்சினையான ஆன்டிபயாடிக்கிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடுகிறது.

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் மருந்தைக் கொஞ்சமாகக் கலந்தால் என்ன? முழு அளவே இல்லையே?

கொஞ்சமாக என்பதுதான் சிக்கல். முழு அளவில் கொடுத்தால் நோய்க் கிருமிகளில் பெரும்பாலானவை சாகும். குறைந்த அளவு, நீண்ட நாள் என்று கொடுத்தால் பலவீனமானவை மட்டும் அடங்கி, அரைகுறை எதிர்ப்புள்ளவை இடம்பிடித்து, அவற்றிலிருந்து முழு எதிர்ப்புள்ளவை உருவாகும். ஸ்வீடன் 1986-லேயே வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை நிறுத்தியது; ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1-ல் நின்றது. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் வளர்ச்சிக்காகவும், நோயில்லாத மந்தைக்கு வருமுன் காப்பாகவும் கொடுப்பதை நிறுத்தச் சொன்னது.

சரி, மருந்து இல்லாமல் ஒரு பேட்ச் எடுக்க முடியுமா?

முடியும். முதலில் எதற்காக மருந்து வாங்குகிறோம் என்று பாருங்கள். கறிக்கோழியில் பெரும்பாலும் இ.கோலைக்காக. அந்த இ.கோலை எல்லாக் கோழியிலும் எப்போதும் இருப்பதுதான். நோயாக மாறுவதற்கு யாரோ கதவைத் திறந்துவிட வேண்டும். கதவைத் திறப்பவை மூன்று: அம்மோனியா, வைரஸ், குடிதண்ணீர்.

கூளம் ஈரமானால் அம்மோனியா கிளம்பும். 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினால் மூச்சுக்குழாயில் தூசியை வெளித்தள்ளும் நுண்மயிர்கள் செயலிழக்கும், இ.கோலை நேராகக் காற்றறைக்கு இறங்கும். ஷெட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் கண் எரிந்தால் அளவு ஏற்கெனவே கூடிவிட்டது. ஒரு பிடி கூளத்தை அழுத்திப் பாருங்கள்: கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். நிப்பிள் உயரம் தவறினால் தண்ணீர் சொட்டி அந்த வரிசை முழுக்க கூளம் கட்டிபிடிக்கும். கோழி தலையை நிமிர்த்திக் குடிக்கும் உயரத்துக்கு, வளர வளர ஏற்றிக்கொண்டே போங்கள். கிளறிவிடுவது அதற்குப் பிறகுதான்.

வெள்ளைக்கழிச்சல், கம்போரோ ஆகிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி சரியாக ஏறாத பேட்சில் இ.கோலை பின்னாலேயே வரும். குடிதண்ணீரில் கொடுக்கும் தடுப்பூசி வீணாவதற்கு முக்கியமான காரணம் குளோரின். தடுப்பூசிக்கு இரண்டு நாள் முன்பே குளோரினை நிறுத்தி, அன்று லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்தூள் கலந்து, அதன் பிறகு தடுப்பூசியைக் கலக்குங்கள்.

மற்ற நாள்களில் குளோரின் கட்டாயம். 1,000 லிட்டர் தண்ணீருக்கு 3 பி.பி.எம். வேண்டுமென்றால் 3 கிராம் குளோரின் தேவை. 30 சதவீத பிளீச்சிங் பவுடரில் அது 10 கிராம். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். திறந்து வைத்த பவுடர் வீரியம் இழந்துவிடும், ஆகவே கணக்கை மட்டும் நம்பாமல் கடைசி நிப்பிளில் தண்ணீர் பிடித்துக் குளோரின் கிட்டில் பாருங்கள். தொட்டியில் 3 இருந்து கடைசி நிப்பிளில் பூஜ்யம் என்றால் குழாயின் உட்புறம் வழவழப்பான படலம் பிடித்திருக்கிறது. குளோரினை அது தின்றுவிடுகிறது. அந்தப் படலத்துக்குள்தான் சென்ற பேட்சின் எதிர்ப்புடைய பாக்டீரியாவும் உட்கார்ந்திருக்கும். ஷெட் காலியான பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலைக் குழாயில் நிரப்பி 24 மணி நேரம் விட்டு, அழுத்தத்தோடு அலசி வெளியேற்றுங்கள். அடுத்த குஞ்சு வர 14 நாளாவது இடைவெளி விடுங்கள். ஒப்பந்தப் பண்ணையில் இந்த இடைவெளியைத்தான் முதலில் சுருக்குகிறார்கள். மருந்துச் செலவு எகிறுவதும் அந்தப் பண்ணைகளில்தான்.

கால்நடை மருத்துவர் மருந்து எழுதிக்கொடுத்துவிட்டார். தண்ணீரில் எப்படிச் சரியாகக் கொடுப்பது?

லிட்டருக்கு இவ்வளவு என்று கலக்காமல் உடல் எடைக்குக் கணக்கிடுங்கள். 5,000 கோழி, சராசரி 1.2 கிலோ என்றால் மொத்தம் 6,000 கிலோ. கிலோவுக்கு 20 மி.கி. என்று எழுதியிருந்தால் ஒரு நாளைக்கு 1,20,000 மி.கி., அதாவது 120 கிராம் மருந்து. பாக்கெட்டில் 50 சதவீதம் என்றிருந்தால் 240 கிராம் தூள். கோடையில் கோழி இரண்டு மடங்கு குடிக்கும், மழையில் குறைவாகக் குடிக்கும். லிட்டர் கணக்கில் கலந்தால் ஒரு காலத்தில் மிகும், இன்னொரு காலத்தில் குறையும். அன்றைய மருந்துத் தண்ணீரைத் தேவையான அளவே கலந்து, மருந்து நேரத்தில் வேறு தண்ணீர் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் சாவு நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள். அதேபோல, ஐந்து நாளுக்கு எழுதியதை "இன்னும் ரெண்டு நாள் பாதுகாப்புக்கு" என்று நீட்டவும் வேண்டாம். மூன்று நாளாகியும் சாவு குறையவில்லை என்றால் கடைக்காரர் சொல்லும் அடுத்த மருந்துக்கு மாறாமல் கல்ச்சருக்கு, அதாவது பாக்டீரியாவை லேபில் வளர்த்து எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்புங்கள்.

கல்ச்சருக்கு மாதிரி எப்படி அனுப்புவது?

முடிந்தவரை மருந்து தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும். இரண்டு நாள் மருந்து கொடுத்துவிட்டு அனுப்பினால் எதுவும் வளராமல் போகும் வாய்ப்பு அதிகம். சற்றுமுன் செத்த அல்லது சாகும் தறுவாயில் உள்ள மூன்று நான்கு கோழிகளை அப்படியே லேபுக்குக் கொண்டுபோவது சிறந்தது. மாடென்றால் மடியைக் கழுவித் துடைத்து, காம்பு நுனியை 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் தேய்த்து, முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கீழே விட்டுவிட்டு, கிருமி நீக்கிய குப்பியைச் சாய்த்துப் பிடித்து 5 மி.லி. பீச்சுங்கள். குப்பியின் வாயில் காம்பு படக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் கோலிஸ்டினுக்கு எதிரே "சென்சிட்டிவ்" என்று வட்டத்தட்டு முறையில் (மருந்து தோய்த்த சிறு வட்டுகளை வைத்துப் பார்ப்பது) போட்டிருந்தால் நம்பாதீர்கள். கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு. பாக்டீரியாவை வளர்க்கும் அகார் கூழில் சரியாகப் பரவாது. திரவத்தில் நீர்த்துப் பார்க்கும் முறையே அதற்குச் சரியானது.

மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் விற்கக்கூடாது?

லேபிளில் உள்ள விலக்கு காலம் எவ்வளவோ அவ்வளவு. லேபிளில் இல்லையென்றால், 2012-ல் திருத்தப்பட்ட இந்திய மருந்து விதி சொல்வது: பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், கோழி மற்றும் கால்நடை இறைச்சிக்கு 28 நாள், மீனுக்கு 500 டிகிரி-நாள். கடைசியது தண்ணீர் வெப்பநிலையை நாள்களால் பெருக்குவது. குளம் 25 டிகிரி என்றால் 20 நாள். கறிக்கோழியின் மொத்த ஆயுளே 40 நாளை ஒட்டித்தான். விலக்கு காலம் எழுதாத மருந்தை 15-ம் நாள் கொடுத்தாலும் சட்டப்படி அந்தக் கோழியைச் சமயத்துக்கு விற்க முடியாது. லேபிள் இல்லாத பாக்கெட்டை வாங்காமலிருக்க இது ஒன்றே போதுமான காரணம்.

மடிநோய்க்கு ஒவ்வொரு முறையும் காம்புக்குள் ஆன்டிபயாடிக் டியூப் ஏற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. பால் திரிந்து, மடி லேசாக வீங்கி, மாடு நன்றாக மேய்ந்துகொண்டிருந்தால், கறந்து காலிசெய்வதும் மேற்பூச்சுமே பல நேரம் போதும். தேசியப் பால்வள வாரியம் பரிந்துரைக்கும் பூச்சு இது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் செம்மண் நிறக் களிம்பாக அரைக்க வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து 150 முதல் 200 மி.லி. தண்ணீரில் கரைத்து, கழுவிய மடி முழுவதும் பூசுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். இரண்டு முறை பூசிவிட்டுப் பலனில்லை என்பவர்கள் பலர். அந்தப் பத்து முறையில்தான் விஷயம் இருக்கிறது.

காய்ச்சல், தீவனம் எடுக்காமை, மடி கல்லாக இறுகுதல், ரத்தம் அல்லது தண்ணீர் போன்ற பால் என்றால் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்; அங்கே ஆன்டிபயாடிக் உயிர்காக்கும் மருந்து, அதற்காகத்தான் அதைச் சேமித்து வைக்கச் சொல்கிறோம். மருந்து ஏறிய மாட்டின் பாலை நான்கு காம்பிலிருந்தும் ஒதுக்குங்கள், மருந்து போட்ட காம்பு மட்டும் போதாது. அந்தப் பாலைக் கன்றுக்கு ஊட்டாதீர்கள்: கன்றின் குடலில் குறைந்த அளவு மருந்து தினமும் போய்ச்சேர, அங்கே எதிர்ப்புடைய இ.கோலை வளரும். கிணற்றுக்குத் தூரமான குழியில் ஊற்றி மூடுங்கள்.

வாங்கிய பால் தயிராக உறையவில்லை. ஆன்டிபயாடிக் கலந்த பாலா?

இருக்கலாம். பாலைத் தயிராக்குவதும் பாக்டீரியாதான். மருந்து எச்சம் அதையும் அடக்கும். சந்தேகமிருந்தால் இரண்டு கிண்ணத்தில் சோதியுங்கள்: சந்தேகப் பால் ஒன்றில், வழக்கமாக உறையும் பால் இன்னொன்றில். இரண்டையும் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் ஒரே தயிரிலிருந்து ஒரே அளவு உறை ஊற்றி, ஒரே இடத்தில் எட்டு மணி நேரம் வையுங்கள். ஒன்று உறைந்து மற்றது பாலாகவே நின்றால் பால்காரரிடம் கேட்க வேண்டியதுதான். சோடா கலந்த பாலும், பாத்திரத்தில் ஒட்டிய சோப்பும் இப்படிச் செய்யும் என்பதால் பழிசுமத்தும் தொனியில் கேட்காதீர்கள்.

கோழி எருவை வயலுக்குப் போடலாமா?

மக்கவைத்துப் போடலாம். பச்சையாகப் போட்டால் கீரையிலும் வெள்ளரியிலும் அந்தப் பாக்டீரியா ஏறும். குவியலின் நடுவில் 55 டிகிரி, 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்டல். ஈரம் பாதிக்குச் சற்று மேல். கோழி எருவில் தழைச்சத்து அதிகம் என்பதால் வைக்கோலோ நார்க்கழிவோ சேர்க்காமல் குவித்தால் சூடு ஏறாமல் அழுகி நாறும். சூடு உயிருள்ள பாக்டீரியாவைக் கொல்லும். எதிர்ப்பு மரபணுக்களைப் பெருமளவு குறைக்கும், முழுவதும் அழிக்காது.

மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பு உண்மையில் குறைகிறதா?

குறைகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குஞ்சுபொரிப்பகங்கள் முட்டைக்குள் செஃப்டியோஃபர் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்துவதை 2005-ல் தாங்களாகவே நிறுத்தின. சால்மோனெல்லா ஹைடல்பர்க் வகையில் அந்த மருந்துக்கான எதிர்ப்பு கடைக் கோழிக்கறியில் 62-லிருந்து 7 சதவீதமாகவும், மனித நோயாளிகளில் 36-லிருந்து 8 சதவீதமாகவும் இறங்கியது. பிறகு ஓரளவு மீண்டும் தொடங்கியபோது எதிர்ப்பும் மீண்டும் ஏறியது. சீனா கோலிஸ்டினை வளர்ச்சி ஊக்கியாகக் கொடுப்பதை 2017-ல் நிறுத்தியபின், பன்றிகளில் கோலிஸ்டினுக்கு அடங்காத இ.கோலை 34 சதவீதத்திலிருந்து 5.1-க்கு வந்தது, மனிதர்கள் குடலில் எம்.சி.ஆர்-1 சுமப்பது 2016-ல் 14.3 சதவீதமாக இருந்து 2019-ல் 6.3 ஆனது. பூஜ்யம் ஆகவில்லை. ஒருமுறை பரவிய மரபணுவை முழுவதும் திரும்பப் பெற முடிவதில்லை. அதனால்தான் புதிய மருந்துகளைப் பண்ணைக்குள் விடுமுன்னரே தடுக்க வேண்டும்.

எல்லாப் பழியும் பண்ணைக்கா?

இல்லை. கார்பபெனம் கோழிக்குக் கொடுக்கும் மருந்தே அல்ல. அதற்கான எதிர்ப்பு மருத்துவமனைகளிலும் கழிவுநீரிலும் வளர்ந்தது. இந்திய மருத்துவமனைகளில் கிளெப்சியெல்லாவின் கோலிஸ்டின் எதிர்ப்பும் பெரும்பாலும் பிளாஸ்மிட்டில் வந்ததல்ல, நோயாளிக்குக் கோலிஸ்டின் கொடுத்துக்கொடுத்து அதன் சொந்த மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். சளிக்கு மருந்துக்கடையில் இரண்டு அசித்ரோமைசின் வாங்கி விழுங்குவது இதே கணக்கில்தான் சேரும். 2019-ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றினால் நேரடியாக இறந்தார்கள் என்பது 2022-ல் லான்செட்டில் வந்த மதிப்பீடு. அந்தச் சாவுகளைப் பண்ணை, மருத்துவமனை, சாக்கடை என்று பங்குபிரித்துக் காட்டும் துல்லியமான கணக்கு எவரிடமும் இல்லை. ஒருவர் நிறுத்தும்வரை மற்றவர் காத்திருக்கவும் இது காரணமாகாது.

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீர் கல்ச்சரில் "இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்" என்று வந்திருக்கிறது. மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?

தனியறை, தனித்தட்டு எதுவும் வேண்டாம். செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதி அந்த இ.கோலையிடம் இருக்கிறது என்பதே அதன் பொருள். தொற்றுக்கு மருத்துவர் கல்ச்சர் பார்த்து மருந்து கொடுப்பார். தொற்று தீர்ந்தபின் குடலில் மிஞ்சுவதை மருந்தால் துடைக்க முயலக்கூடாது. எதிர்ப்பு இன்னும் கூடும். பெரும்பாலானோரிடம் அது மாதங்களில் தானாகக் குறையும். கழிப்பறைக்குப் பின்பும் சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எல்லோருக்கும். அந்த ரிப்போர்ட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த ஒரு வருடத்துக்குள் அறுவை சிகிச்சையோ மருத்துவமனை அனுமதியோ வந்தால் முதல் நாளே மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த மருந்தில் தொடங்குவது என்று முடிவெடுக்க அவருக்கு அது தேவைப்படும்.